லோடு போடாமல் அளந்தது

துத்திப்பட்டு
3.2.2025

தானியேல் அண்ணனுக்கு,

கடிதம் என்றால் முதலில் சுகம் விசாரிக்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். நான் அஞ்சாவது வரைதான் போனேன், அதில் இது ஞாபகம் இருக்கிறது. ஆனால் உங்கள் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. அதனால் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

நான் பச்சையப்பன் வீட்டு ஜெயம்மாள். போன் பண்ணத்தான் நினைத்தேன். உங்களுக்குத் தொண்டையில் ஆபரேஷன் ஆகி குரல் போய்விட்டது என்று எதிர் வீட்டு பில்கிஸ் சொன்னாள். பேச முடியாதவருக்குப் போன் பண்ணி நான் மட்டும் கத்திக்கொண்டிருக்க முடியாது. செல்லில் எழுத்துத் தட்ட எனக்கு வராது. மகள் ஹேமலதாவைத் தட்டச் சொன்னால் அவளுக்கு எல்லாம் தெரிந்துபோகும். அதனால்தான் தபால்.

அவர் அக்டோபர் பதினேழாம் தேதி போய்விட்டார். தோல் பதனிடுகிற ஷாப்பிலிருந்து வந்து முன்ரூமில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். சொம்பை எடுத்துக்கொண்டு வருவதற்குள் முடிந்துவிட்டது. ஷாப்பில் டிரம்மு ஓட்டுகிற பத்து பேரும் வந்தார்கள், மேஸ்திரி வந்தார். முப்பது வருஷ தோஸ்த் நீங்கள் வரவில்லை.

அதை நான் கேட்கவில்லை. கேட்க வந்தது வேறு. எங்கள் மாடியில் இரண்டு சோலார் பேனல் இருக்கிறது இல்லையா, அதிலிருந்து வருகிற கரண்டை பேட்டரிக்கு விடுகிற கண்ட்ரோலர் டப்பா முன்ரூம் சுவரில் இரண்டு இருக்கிறது. ஒன்று பழையது. இன்னொன்று, இது முப்பது பர்சன்ட் ஜாஸ்தி கொடுக்கும் என்று சொல்லி நீங்கள் கொடுத்த புதுசு. போன மே மாதம் அவர் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டு அளந்தார். அந்த நோட்டு என்னிடம் இருக்கிறது. கடைசி வரி இதுதான்: "ரெண்டும் ஒண்ணுதான். தானியேல் ஏமாத்திட்டான்."

அதற்குப் பிறகு ஐந்து மாதம் இருந்தார். உங்கள் பேரை எடுக்கவில்லை. உங்கள் ஊர் ஜோலார்பேட்டைக்குப் போகிற வேலை வந்தால்கூட வேறு ஆளை அனுப்பினார்.

சித்திரை ஒன்றாம் தேதிக்கு ஹேமா வருகிறாள். மாடியில் இருப்பதைக் கழற்றி யாருக்காவது கொடுத்துவிட்டு என்னை ஓசூருக்குக் கூட்டிப்போகிறேன் என்கிறாள். கழற்றிவிட்டால் பிறகு தெரியாது. நீங்கள் அவரை ஏமாற்றினீர்களா, இல்லை அவர் உங்களைத் தப்பாக நினைத்துக்கொண்டே போய்விட்டாரா. இரண்டில் எது என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆமாம் இல்லை என்று ஒரு வரி எழுதினால் போதும்.

ஜெயம்மாள்


ஜோலார்பேட்டை
11.2.2025

ஜெயம்மாவுக்கு,

ஏமாற்றவில்லை.

நீங்கள் கேட்ட ஒரு வரி அது. என் வார்த்தையை நம்ப வேண்டாம். டப்பா இரண்டும் சுவரில்தான் இருக்கிறது. மாற்றுகிற கைப்பிடி இருக்கிறது. பேட்டரிக்குள் எவ்வளவு போனது என்று காட்டுகிற சின்ன மீட்டரும் இருக்கிறது. ஒரு வாரம் பழையது, ஒரு வாரம் புதுசு. தினம் சாயங்காலம் மீட்டர் நம்பரைக் குறித்துவிட்டு, பக்கத்துப் பொத்தானை அமுக்கிப் பூஜ்யமாக்குங்கள். எழுதி அனுப்புங்கள்.

அக்டோபரில் நான் வேலூரில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தேன். பச்சை போன செய்தியை என் வீட்டுக்காரி சவுரி என்னிடம் டிசம்பரில்தான் சொன்னாள். அப்புறம் வராதது என் குற்றம்.

தானியேல்


துத்திப்பட்டு
2.3.2025

அண்ணனுக்கு,

சொன்ன மாதிரி செய்தேன். கைப்பிடியைத் தொட முதலில் பயமாக இருந்தது. ஆனால் அதற்குப் பக்கத்தில் சுவரிலேயே அவர் மார்க்கரால் எழுதி வைத்திருக்கிறார்: "எடுக்கும்போது மொதல்ல பேனல், அப்புறம் பேட்டரி. போடும்போது மொதல்ல பேட்டரி." யாருக்காக எழுதினாரோ. அவருக்குத்தான் தெரியுமே.

தினம் ஆறு மணிக்கு முன்ரூம் கதவைத் திறந்து, நம்பரைப் பார்த்துக்கொண்டு, பொத்தானை அமுக்கிவிட்டு, மூடிவிட்டு வந்தேன். பில்கிஸ் பார்த்துவிட்டாள். "இன்னா ஜெயம்மா, கரண்ட் ஆபீஸ்ல வேலை குடுத்துட்டாங்களா? காதுல பென்சில் வேற." "சம்பளம் வந்தா எனக்கும் சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

பழைய டப்பா: 71, 68, 70, 70, 69, 72, 70.
புது டப்பா: 70, 69, 71, 70, 72, 68, 70.

இரண்டும் ஒன்றுதான் அண்ணா. அவர் எழுதினதே சரி.

ஜெயித்த மாதிரி இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. நோட்டை மூடி அரிசி டப்பா மேல் வைத்துவிட்டேன். மனசு ஒரு பக்கம், நீங்கள் ஏமாற்றியிருக்கக் கூடாது என்றே இருந்திருக்கிறது போல. இந்த நம்பரைப் பார்த்த பிறகுதான் எனக்கே அது தெரிந்தது.

இனி எழுத ஒன்றும் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜெயம்மாள்


ஜோலார்பேட்டை
7.3.2025

ஜெயம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கடையில் வைத்து மூன்று முறை படித்தேன். இரண்டு டப்பாவும் ஒரே நம்பர் காட்டியது என்பதல்ல என் பிரச்சினை. எழுபது என்பதுதான்.

அந்த வீட்டில் சோலார் லைன் இழுத்ததே நான். முன்ரூமில் ஒரு ஃபேன், இரண்டு லைட், டிவி. நடுரூமில் ஒரு லைட், ஒரு ஃபேன். சாயங்காலம் ஒரு ஃபேன் மட்டும் ஓடினாலே முந்நூறு தாண்டும். எழுபது என்றால் யாரும் எதையும் போடவில்லை. அந்த மீட்டரும் டப்பாவும் உட்கார்ந்த இடத்தில் தின்கிறதே, அது மட்டும்தான் எழுபது.

ஒன்று யோசித்துப் பாருங்கள். விளிம்பு வரை தண்ணீர் நிற்கிற தொட்டி. அதற்குச் சின்னக் குழாயைத் திருப்பினாலும் பெரிய குழாயைத் திருப்பினாலும் உள்ளே போவது ஒன்றுதான், ஏனென்றால் இடமே இல்லை. தொட்டியிலிருந்து நீங்கள் மொண்டு எடுத்தால்தான் எந்தக் குழாய் சீக்கிரம் நிரப்புகிறது என்று தெரியும். உங்கள் பேட்டரி காலையிலிருந்தே நிரம்பி நிற்கிறது. இரண்டு டப்பாவும் அதன் முன்னால் சும்மா நின்றிருக்கின்றன.

இரண்டு கேள்வி. பச்சை மே மாதம் எப்படி அளந்தான்? அது தெரிந்தால் எழுதுங்கள்.

இரண்டாவது, நீங்கள் இருட்டிலா உட்கார்ந்திருக்கிறீர்கள்?

தானியேல்


துத்திப்பட்டு
14.3.2025

அண்ணனுக்கு,

இரண்டாவது கேள்வியை யாரும் என்னைக் கேட்கவில்லை. ஹேமா தினம் போன் பண்ணி "சாப்ட்டியாம்மா" என்பாள். பில்கிஸ் நோன்புக் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தால் சமையல் கட்டில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போவாள். மீட்டர் நம்பரைப் பார்த்து நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள்.

முழு இருட்டு இல்லை. சமையல் கட்டில் கரண்ட் ஆபீஸ் லைன் லைட் ஒன்று இருக்கிறது. அங்கேயே சமைத்து, அங்கேயே படுக்கிறேன். முன்ரூமில் அவரை வைத்திருந்தோம். அவர் சட்டை ஒன்று அங்கே ஆணியில் தொங்குகிறது. காரியம் முடிந்த மறுநாள் புழுக்கம் தாங்காமல் ஃபேனைப் போட்டேன். சட்டை ஆடியது. கை கழுவித் துடைத்துக்கொண்டு திரும்புவார் பாருங்கள், அந்த மாதிரி தோள் பக்கம் திரும்பியது. உடனே அணைத்துவிட்டேன். சட்டையை எடுக்கவும் முடியவில்லை, ஃபேனைப் போடவும் முடியவில்லை. அதனால் கதவைச் சாத்திவிட்டேன்.

முதல் கேள்விக்கு வருகிறேன். இதை எழுதக் கை வரவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன்.

மே மாதம் அளக்க ஆரம்பித்த அன்று அவர் எல்லா ஃபேனையும் லைட்டையும் அணைத்துவிட்டார். பதினாலு நாள். யாரும் ஒரு சுவிட்சைத் தொடக் கூடாது. லீவுக்கு வந்திருந்த ஹேமா விசிறியும் கையுமாகத் திட்டிக்கொண்டே இருந்தாள். "அப்பா, மே மாசத்துல யாராச்சும் ஃபேனை நிறுத்துவாங்களா? பேஜாரா போச்சு ஒன்னோட." அதற்கு அவர் சொன்னது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது. "டிரம்மு சுத்தும்போது நடுவுல கதவைத் தொறப்பாங்களா? கலர் ஏறும்போது தோலைத் தொட்டா மொத்த லாட்டும் போச்சு. அளக்கிறதுன்னா தொடாம அளக்கணும்."

முப்பது வருஷம் அப்படித்தான் வேலை செய்தார். டிரம்மில் தோலைப் போட்டு, மருந்து ஊற்றி, நேரம் முடியும்வரை கிட்ட யாரையும் விட மாட்டார். அந்தக் கையால் ஒரு லாட்டுத் தோல்கூடக் கெட்டதில்லை என்று மேஸ்திரியே சொல்வார். அதே சுத்தத்தோடுதான் இதையும் அளந்திருக்கிறார். நீங்கள் எழுதின தொட்டிக் கதையைப் படித்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. நிரம்பின பேட்டரியைத் தொடாமல் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், பாவம், வியர்த்துக்கொண்டு.

அவர் நோட்டிலும் எழுபதும் எழுபத்தொன்றும்தான் இருக்கிறது.

ஆனால் அண்ணா, அளந்து முடித்ததும் நோட்டோடு அவர் உங்களிடம் வந்தாரே. கடையில் உங்களைப் பார்த்துப் பேசினாரே. நீங்கள் இந்தத் தொட்டிக் கதையை அன்றைக்கே ஏன் சொல்லவில்லை?

ஜெயம்மாள்


ஜோலார்பேட்டை
22.3.2025

தங்கச்சிக்கு,

இந்தக் கடிதத்தை நாலு நாளாக எழுதுகிறேன். சவுரி பார்த்துவிட்டுச் சொல்கிறாள்: "எழுதறதுக்கு இவ்ளோ யோசிக்கிற மனுசன், பேசறப்ப இதுல கால்வாசி யோசிச்சிருந்தா நமக்குத் தோஸ்த் மிஞ்சியிருப்பான்." அவள் சொல்வது சரி.

அன்றைக்குச் சனிக்கிழமை. கடையில் ஏழெட்டுப் பேர். இன்வெர்ட்டர் ரிப்பேருக்கு வந்தவர்கள், ரெயில்வே காலனிக்காரர்கள், எல்லாம் எனக்குத் தெரிந்த முகம். பச்சை உள்ளே வந்தான், நோட்டை டேபிளில் போட்டான். "படி. சத்தமா படி." நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. "முப்பது பர்சன்ட்னு சொன்னியே, எங்க அது? உன் தோஸ்துகிட்டயே இந்த வேலையா?" என்றான்.

எந்தப் பையன் வந்து கரண்ட் ஏறவில்லை என்றாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: லோடு போட்டியா? ஃபேன், லைட் எதையாவது ஓட விட்டுப் பார்த்தாயா என்று அர்த்தம். இருபத்திரண்டு வருஷமாக வாயைத் திறந்தாலே வருகிற கேள்வி. அன்றைக்கு வரவில்லை. ஏழு பேர் முன்னால் ஏமாற்றுக்காரன் என்று ஆகிவிட்டேன், அதுதான் காதில் இருந்தது. நோட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. திறந்திருந்தால் எழுபதைப் பார்த்திருப்பேன். அதற்குப் பதில் சொன்னேன்: "போடா. உனக்கு டிரம்மு சுத்தத்தான் தெரியும்."

அவன் நோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

செப்டம்பரில் ஆபரேஷன். பச்சையிடம் என் குரலில் கடைசியாகச் சொன்னது அந்த வாக்கியம்தான். இப்போது கடையில் சிலேட்டில் எழுதிக் காட்டித்தான் வியாபாரம். ஒவ்வொருவருக்கும் "லோடு போட்டியா" என்று எழுதும்போதும் அவனுக்கு எழுதுகிற மாதிரி இருக்கும்.

இன்னொன்றும் ஒப்புக்கொள்ள வேண்டும். முப்பது பர்சன்ட் என்பது அட்டைப் பெட்டியில் அச்சடித்திருந்தது. நான் அளந்தது இல்லை. பேனல் பதினெட்டு வோல்ட் தருகிறது, பேட்டரிக்குப் பதிமூன்று, பதினாலு போதும். பழைய டப்பா மிச்சத்தை வீணாக விடும். புதுசு அந்த மிச்சத்தையும் கரண்டாக மாற்றிக் கொடுக்கும். குளிர்ந்த ஊரில் அந்த மிச்சம் நிறைய. நம் ஊர் வெயிலில் பேனல் தோசைக்கல் மாதிரி காயும்போது பதினெட்டு இறங்கி பதினாறுக்கு வந்துவிடும். மிச்சமும் சுருங்கும். ஏலகிரி மேலே வைத்தால் ஒரு நம்பர், ஆம்பூரில் வைத்தால் ஒரு நம்பர். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் முப்பது என்றேன், சொல்ல நன்றாக இருந்தது. அதனால் அவன் என்னை ஏமாற்றுக்காரன் என்றது முழுக்கத் தப்பும் இல்லை.

உங்களுக்கு மனசு இருந்தால் ஒழுங்காக ஒருமுறை அளந்துவிடுங்கள். முந்தின நாள் சாயங்காலம் ஃபேன், லைட், டிவி எல்லாம் ஓடட்டும். பேட்டரி நன்றாக இறங்கட்டும். மறுநாள் உச்சி வெயிலில் மீட்டரில் ஆம்பியர் என்ற நம்பரைப் பாருங்கள். குறித்துக்கொண்டு, அவன் சுவரில் எழுதினபடி டப்பாவை மாற்றி, பத்து நிமிஷம் விட்டு மறுபடி பாருங்கள். வாரக் கணக்கு வேண்டாம், வெயில் நாளுக்கு நாள் மாறும். மூன்று நாள் செய்தால் போதும்.

முன்ரூமில் ஃபேன் போட முடியாவிட்டால் நடுரூமில் போடுங்கள். அதுவும் முடியாவிட்டால் விட்டுவிடுங்கள். பேனலைக் கழற்ற ஹேமாவுக்கு ஆள் வேண்டுமானால் நான் அனுப்புகிறேன்.

தானியேல்


துத்திப்பட்டு
16.4.2025

அண்ணனுக்கு,

பதில் எழுத நாளாகிவிட்டது. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். டிரம்மு சுத்துறது சாதாரண வேலை இல்லை அண்ணா. நீங்கள் ஒரு நாள் அந்தக் கலரைச் சரியாகக் கொண்டுவந்து காட்டுங்கள், பார்க்கலாம். அந்த வார்த்தையை நீங்கள் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள். ஏமாத்திட்டான் என்று அவர் எழுதினதை அவருக்குப் பதில் நான் எடுத்துக்கொள்கிறேன். அவர் இருந்தால் எடுத்திருப்பாரா, தெரியாது. வீம்பு பிடித்தவர். நான் இப்போது அளந்து எழுதினதைப் பார்த்திருந்தால் எடுத்திருப்பார், நம்பருக்கு மட்டும் கட்டுப்படுவார்.

நடுரூம் ஃபேன் போதும் என்றுதான் முதலில் போட்டேன். பேட்டரி கொஞ்சம்தான் இறங்கியது. மறுநாள் உச்சியில் பார்த்தால் மீட்டர் ஏறவே இல்லை, அதற்குள் நிரம்பிவிட்டிருந்தது. முன்ரூமையும் போட்டால்தான் ஆகும் என்று தெரிந்தது. பில்கிஸைத் துணைக்குக் கூப்பிட்டேன். அவள் மகள் இஃப்ராவும் வந்தாள், பன்னிரண்டாவது எழுதிவிட்டு லீவில் இருக்கிறாள்.

கதவைத் திறந்து சுவிட்சைப் போட்டேன். சட்டை ஆடியது. நான் வாசல்படியிலேயே நின்றேன். பில்கிஸ் என்னைப் பார்த்தாள், சட்டையைப் பார்த்தாள். அதன் கீழேயே போய்ப் பாயை விரித்து உட்கார்ந்துகொண்டு, "டிவியப் போடு. லோடு வேணும்னு சொன்னியே, நாடகம் பாத்தா லோடு இல்லியா?" என்றாள். மூன்று பேரும் நாடகம் பார்த்தோம். முதலில் சட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு நடுநடுவே பார்த்தேன். மூன்றாம் நாள் அது காற்றுக்கு ஆடுகிற சட்டை. அதை நினைத்தும் கொஞ்சம் அழுதேன்.

பகலில் அளந்தது இது.

ஏப்ரல் 8: பழையது 14.5, புதுசு 16.3.
ஏப்ரல் 9: பழையது 14.1, புதுசு 15.9.
ஏப்ரல் 11: பழையது 14.6, புதுசு 16.2.

பத்தாம் தேதி மாற்றுகிற நேரத்தில் மேகம் வந்துவிட்டது. அதைச் சேர்க்கவில்லை. சேர்த்தால் புதுசு கம்மியாகத் தெரியும், அது டப்பா மேல் தப்பில்லை.

இஃப்ரா கணக்குப் போட்டுப் பார்த்துச் சொன்னாள்: "நூத்துக்குப் பன்னெண்டு ஜாஸ்தி ஆன்ட்டி." முப்பதும் இல்லை அண்ணா, ஒன்றுமில்லாமலும் இல்லை. நீங்கள் இரண்டு பேரும் நடுவில் இருந்த பன்னிரண்டை விட்டுவிட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் நின்றிருக்கிறீர்கள்.

ஹேமா வருஷப் பிறப்புக்கு முந்தின நாளே வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "இன்னாம்மா இது, இந்த ரூமத் தொறந்துட்ட" என்றாள். ஃபேன் அடியில் உட்கார்ந்து சட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நோட்டைக் கேட்டு வாங்கிப் படித்தாள். போன மே மாதப் பக்கம் வந்ததும் சிரித்துவிட்டாள். "பதினாலு நாள் அவிஞ்சோமே, அது இதுக்குத்தானா?" சிரித்துக்கொண்டே இருந்தவள் மூக்கை உறிஞ்ச ஆரம்பித்துவிட்டாள். நானும்தான்.

பேனலைக் கழற்ற வேண்டாம் என்றேன். ஓசூருக்கு இப்போது வரவில்லை என்றும் சொன்னேன். தனியாக இன்னா பண்ணுவே என்று கேட்டாள். சாயங்காலம் பில்கிஸ் நாடகம் பார்க்க வருவாள், பகலில் எனக்கு அளக்கிற வேலை இருக்கிறது என்றேன். குளிர்ந்த ஊரில் புது டப்பா இன்னும் ஜாஸ்தி தரும் என்று எழுதினீர்களே, நம் ஊர்க் குளிரில் எப்படி என்று மார்கழியில் பார்க்க வேண்டும். ஹேமா நேற்று ஊருக்குப் போய்விட்டாள்.

நோட்டில் அவர் எழுதின கடைசி வரியை நான் அடிக்கவில்லை. அது அவர் அளந்தது. அதற்குப் பக்கத்தில் "லோடு போடாமல் அளந்தது" என்று எழுதினேன். கீழே என் நம்பர்களை எழுதி, "லோடு போட்டு அளந்தது, ஜெயம்மாள்" என்று போட்டிருக்கிறேன். அதற்கும் கீழே ஒரு வரி இடம் விட்டிருக்கிறேன். நீங்கள் வந்து சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். பேட்டரியில் தண்ணீரும் இறங்கியிருக்கிறது, அதையும் பார்க்க வேண்டும். பேச முடியாது என்று கூச்சப்படாதீர்கள், இந்த வீட்டில் சிலேட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.

இதை முன்ரூமில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். ஃபேன் காற்றில் தாள் பறக்கிறது, ஒரு ஓரத்தில் அவர் நோட்டை வைத்து அமுக்கிக்கொண்டேன். எழுத்து அங்கங்கே இழுத்துக்கொண்டு போயிருந்தால் அதனால்தான்.

ஜெயம்மாள்